பாகத்தில் வந்த எண்

மெயில் போகவில்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன். தொழிலை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் மகனிடம் அந்த வார்த்தையைச் சொன்னால்கூட என் கை சோற்றிலேயே நின்றுவிடும்.

அப்போது அவிநாசி ரோட்டில் ஒரு லேபிள் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை எடுத்து, பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் மெயிலும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சர்வர் என்னுடையதல்ல. கடல் தாண்டி எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்தது. அதை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஊர்க்காரர்களுக்கு அந்த விவரமெல்லாம் வேண்டியதில்லை. கம்ப்யூட்டர்க்கார அம்மணி எங்கே என்று கேட்டால் லேபிள் கடைக்காரர் மேலே கையைக் காட்டிவிடுவார். பிரிண்டரில் மை தீர்ந்தாலும் என்னிடம் வருவார்கள், வீட்டில் டி.வி. புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். திட்டிக்கொண்டேதான் போய்ப் பார்த்துக் கொடுப்பேன்.

அந்த வருஷங்களில் வெளிநாட்டு மெயில் சர்வர்கள் எல்லாம் சந்தேகப் பிராணிகளாகிவிட்டிருந்தன. குப்பை மெயில் அப்படிப் பெருகிக் கிடந்தது. அதனால் ரிவர்ஸ் பதிவு என்று ஒன்று இல்லாத மெயிலை வாசலோடு திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். விஷயம் ஒன்றும் பெரிய வித்தையல்ல. இன்டர்நெட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும். அந்தப் பதிவை நாமே எழுதிக்கொள்ளலாம். எண்ணைக் கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும் என்றால் அதற்கு வேறொரு பதிவு வேண்டும். அதுதான் ரிவர்ஸ். அதை நாம் எழுத முடியாது. எண்ணுக்குச் சொந்தக்காரனான டேட்டா சென்டர்க்காரன்தான் எழுத வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் நாம் சொல்வதையா நம்புகிறார்கள்? டீக்கடையில் நின்று, இன்னார் வீடு எப்படி என்று ஊரைக் கேட்கிறார்கள் இல்லையா, அதே வழக்கம்தான். நம் மெயில் போய் நின்று, நான் இன்ன கம்பெனி என்று சொன்னதும், அந்தப் பக்கத்து சர்வர் நம் எண்ணைத் தனியாக விசாரிக்கும். எண் வேறு பெயரைச் சொன்னால் கதவைச் சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்டேன் என்று சில சர்வர்கள் சொல்வது கூட இல்லை.

இந்த வேலையை நான் முதன்முதலில் முழுசாகச் செய்து கொடுத்தது நல்லூரில் இருந்த ஓர் அண்ணன் தம்பிக்கு. கொமரலிங்கத்தில் அமராவதித் தண்ணீர் பாய்ந்த வயலை விற்றுவிட்டு வந்து பனியன் கம்பெனி ஆரம்பித்தவர்கள். அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது. துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே எந்த மில் நூல் என்று சொல்லிவிடுவார், ஆள்களைக் கட்டி மேய்ப்பதும் அவர்தான். தம்பி காலேஜ் படித்தவர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் எழுதுவது, சாம்பிள் அனுப்புவது, போனில் பேசுவதெல்லாம் அவர். அண்ணன் என்னை அம்மணி என்பார், தம்பி அக்கா என்பார். நான் பெரியவரை அண்ணா என்றும் சின்னவரைத் தம்பி என்றும் கூப்பிட்டேன். பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

அவர்களுக்குத் தனியாக ஒரு சர்வர் கணக்கும் தனியாக ஓர் எண்ணும் வாங்கிக் கொடுத்தேன். கணக்கு யார் பெயரில் என்று டேட்டா சென்டரில் கேட்டார்கள். தம்பி தன் சொந்த மெயிலைக் கொடுக்கப் போனார். அண்ணன் தடுத்துவிட்டார்.

"எதுவா இருந்தாலும் கம்பெனி பேர்லயே இருக்கட்டுமுங்க அம்மணி. நாளைக்கு அவனா நானான்னு வரப்படாது பாருங்க."

கம்பெனியின் பொது மெயில் முகவரியையே பதிந்தேன். ரிவர்ஸ் பதிவுக்கு எழுதிப் போட்டு, அது வந்து சேர்ந்த அன்றைக்கு இரண்டு பேரும் என் அறைக்கு வந்திருந்தார்கள். எண்ணை அடித்துக் கேட்டேன். திரையில் கம்பெனி பெயர் வந்தது.

"நம்பர்கிட்டக் கேட்டா நம்ம பேரச் சொல்லுதுங்களா?" என்றார் அண்ணன்.

"சொல்லுதுங்கண்ணா."

"ஒருக்கா மறுபடி கேளுங்க பாக்கலாம்."

மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதே பெயர் வந்தது. அந்தப் பெரிய மனிதர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. தம்பி அவரைக் கேலி செய்தார். "அண்ணா, அது கிளி ஜோசியமில்லீங்க, நூறு தடவ கேட்டாலும் அதையேதான் சொல்லும்" என்றார். அண்ணன் கண்டுகொள்ளவில்லை. கீழே போய் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கி வரச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவையும் கேட்கச் சொன்னார்.

அவர்கள் பிரிந்ததற்குக் காரணம் ஒரு கண்டெய்னர். சின்னப் பிள்ளைகள் பனியன், சிவப்புக் கலர். பையர் நாட்டுக்குப் போய்த் துவைத்ததும் சாயம் இறங்கிவிட்டது. சரக்கு முழுசையும் பையர் தள்ளிவிட்டார். மட்டமான சாயப்பட்டறைக்குக் கொடுத்தது நீங்கள் என்றார் தம்பி. பையர் கேட்கிற தரத்தை என்னிடம் நீ சரியாகச் சொல்லவில்லை என்றார் அண்ணன். அதற்குப் பிறகு ஒரே ஆபீஸில் இரண்டு டிபன் கேரியர் வர ஆரம்பித்தது. அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். அதை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இது தேறாது என்று.

பாகம் பிரிக்கிற அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவன் கூறு போட வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். கூறு போடுகிறவன் கை ஓரம் சாயாமல் இருப்பதற்காக யாரோ புத்திசாலி ஏற்படுத்தினது. அண்ணன் இரண்டு கூறு போட்டார். நிட்டிங் மெஷின் ஒரு பக்கம் என்றால் தைக்கிற பவர்டேபிள் மெஷின்கள் மறுபக்கம். கட்டடம் ஒரு பக்கம் என்றால் காரும் வேனும் அவிநாசியில் கிடந்த இடமும் மறுபக்கம். அப்படியே வந்து, கம்பெனிப் பெயர் ஒரு பக்கம், இன்டர்நெட் கணக்கு நம்பர் உட்பட மறுபக்கம் என்று போட்டுவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் உட்கார்ந்து பாகம் செய்துகொண்டிருந்தவர் அவர்களுடைய தாய்மாமன். அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, இத ரெண்டாப் பிரிக்கப்படாதுங்க. அந்த நம்பர் இந்தப் பேரைத்தான் சொல்லும். பேர் ஒருத்தர்கிட்ட, நம்பர் ஒருத்தர்கிட்டன்னா பொறவு ரெண்டு பேருக்கும் சங்கடமுங்க."

"கெணறு ஒருத்தனுக்கு, மோட்டார் ஒருத்தனுக்குன்னு எத்தன பாகம் பண்ணிருக்கறேனுங்க அம்மணி," என்றார் மாமன். "நீரடிச்சு நீர் வெலகவா போகுது? நாலு நாள்ல அவங்களே பேசிக்குவாங்க."

தம்பி எழுந்து கணக்கு இருந்த கூறை எடுத்துக்கொண்டார். அவர் நினைப்பு எனக்குப் புரிந்தது. பையர்களுடன் இத்தனை வருஷம் பேசின பேச்செல்லாம் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. கணக்கு யாரிடமோ பையர் அவரிடம் என்று நினைத்துவிட்டார். ஊற்று இருக்கிற இடத்தை எடுத்துக்கொண்டால் தண்ணீர் தன்னால் வரும் என்கிற விவசாயக் கணக்கு. நான் வாயைத் திறந்தேன், யாரும் என் பக்கம் திரும்பவில்லை. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று யாரோ ஒருத்தர் பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

தம்பி அவிநாசியில் ஷெட் போட்டு, புதுப் பெயரில் கம்பெனி ஆரம்பித்தார். மனைவியின் நகையெல்லாம் ஓவர்லாக் மெஷினாக மாறி வரிசையில் நின்றது. ரிவர்ஸைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, பழைய எண்ணிலேயே புதுப் பெயருக்கு மெயில் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் தன் கம்பெனிப் பெயரை வேறொருத்தரிடம் கொண்டுபோய் வேறு சர்வரில் வைத்துக்கொண்டார். தம்பிக்கு இருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. ஐரோப்பாவில் ஒரு பெண்மணி, பழைய பையர்களில் ஒருத்தர், இவர் வேலை சுத்தமாக இருக்கும் என்று நம்புகிறவர். உன் புதுக் கம்பெனிக்கு ஓர் ஆர்டர் தருகிறேன், சாம்பிள் போட்டோவும் அளவுப் பட்டியலும் விலையும் மெயிலில் அனுப்பு என்று போனில் சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் வந்தால் கம்பெனி நிற்கும். வராவிட்டால் மெஷின்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மெயில் அனுப்பினார். பதில் இல்லை. மறுபடி அனுப்பினார். அதற்கும் இல்லை.

"மெயில் போகலீங்கக்கா," என்று வந்து நின்றார்.

பார்த்தேன். நான் பயந்தது அப்படியே நடந்திருந்தது. மெயில் போய், நான் தம்பியின் கம்பெனி என்கிறது. அந்தப் பக்கத்து சர்வர் எண்ணை விசாரிக்கிறது. எண்ணோ, நான் அண்ணனுடைய கம்பெனி என்கிறது. போனது போன இடத்திலேயே செத்துக் கிடந்தது.

பெயரை மாற்றச் சொல்லி டேட்டா சென்டருக்கு எழுதினேன். மாற்றிவிடுகிறோம், ஆனால் கணக்கில் பதிந்திருக்கிற மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறோம், அதை அமுக்கி உறுதி செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. பதிந்திருந்தது கம்பெனியின் பழைய பொது முகவரி. அது இப்போது அண்ணனிடம் இருந்தது. சரி, பதிந்திருக்கிற முகவரியையே மாற்றுங்கள் என்றேன். அதற்கும் அந்த முகவரியிலிருந்துதான் உறுதி வர வேண்டும் என்றார்கள். குடும்பக் கதை முழுசையும் இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். வருந்துகிறோம் என்று மரியாதையாக நாலு வரி வந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கண்டவர் கேட்டால் எண்ணைக் கொடுத்துவிடுகிற டேட்டா சென்டரை யார் நம்புவார்கள்?

ஆக, அண்ணன் மவுஸில் ஒரு தடவை விரலை அமுக்க வேண்டும். வேறொன்றும் வேண்டியதில்லை.

நல்லூருக்குப் போனேன். அண்ணன் செக்கிங் டேபிளுக்கு முன்னால் நின்று, ஒரு பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவனோட நம்பர் இன்னும் எம்பேரத்தான் சொல்லுதுங்களா?"

"ஆமாங்கண்ணா. தொந்தரவே அதுதானுங்க."

"சொல்லட்டுமே," என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்த மாதிரி இருந்தது. பிறகு பனியனை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "நான் மாட்டேன்னு சொல்லலீங்க அம்மணி. அவன் வந்து அண்ணான்னு ஒரு வார்த்த கூப்பிட்டுக் கேக்கட்டும். கேட்ட நிமிசமே அமுக்கிடறேன். நீங்க என்னைய அண்ணாங்கறீங்க. ஊர்ல போறவன் வாறவனெல்லாம் அண்ணாங்கறான். அவனுக்கு மட்டும் வாய் வலிக்குதுங்களா?"

அங்கிருந்து அவிநாசிக்குப் போனேன். தம்பி காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அது பாகத்துல எனக்கு வந்ததுங்கக்கா. எனக்கு வந்ததுக்கு நான் எதுக்குங்க அவரு வாசல்ல போயி நிக்கோணும்?"

"நிக்க வேண்டாந் தம்பி. அந்த நம்பரத் தூக்கிப் போட்டுருங்க. என் சர்வர்ல ஒரு கணக்குத் தர்றேன். சாயங்காலத்துக்குள்ள உங்க மெயில் போகும்."

"உட்டுட்டுப் போங்கறீங்களா? ஏற்கனவே ஒருக்கா அமராவதிக்கரைல உட்டுட்டு வந்தாச்சுங்க. இது எம்பட பங்கு. இதையும் உட்டுட்டா அவரு செயிச்ச மாதிரி ஆயிருமுங்களே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "காடா தம்பி அது? மூணு புள்ளி வெச்ச ஒரு நம்பர். அதுல வேலி போட முடியுமா, வெள்ளாம வெக்க முடியுமா? மாசாமாசம் வாடகை கட்டுற பொருளுக்குப் பாகமாம், பங்காம். உங்க ரெண்டு பேர் வீம்புக்கும் நடுவுல அந்த மெஷின்ல உக்காந்திருக்கற பொம்பளைக என்ன பண்ணுவாங்க?" என்று கத்தினேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. தம்பி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தாரே தவிர, சரி என்று சொல்லவில்லை.

இலவச மெயிலிலிருந்து அனுப்பிப் பார்த்தார். அப்படி வருகிற விலைப்பட்டியலை எங்கள் ஆபீஸில் ஏற்க மாட்டார்கள், முன்னொரு தடவை அப்படி யாரோ எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்தப் பெண்மணி போனில் சொன்னார். ஃபேக்ஸ் அனுப்பினார். போட்டோவெல்லாம் கரியாகப் போய் விழுந்தது. கம்பெனி மெயிலில் அனுப்பு, வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் ஆர்டரை நான் நிறுத்தி வைக்க முடியும் என்றுவிட்டார் அந்த அம்மாள். அதைத் தம்பி என்னிடம் சொன்னபோது அவர் கண்ணில் தூக்கமே இல்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. திரும்பவும் நல்லூருக்கு ஓடினேன். இந்தத் தடவை அண்ணன் வீட்டுக்கு. அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தெனமும் ஆபீஸ்ல சன்னலோரமா உக்காந்து கேட்டையே பாத்துட்டு இருக்கறாருங்க. ஏனுங்க, யாராச்சும் வர்றாங்களான்னு கேட்டா எரிஞ்சு உளுகறாரு. எனக்குத் தெரியாதுங்களா, எதுக்குப் பாக்கறாருன்னு? கொழுந்தனாரு ஒருக்கா வந்தாப் போதுமுங்க அம்மணி. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"அந்த லிங்க்க நீங்களே அமுக்கிருங்களேன்," என்றேன். அவருக்கு ஆசைதான். ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தது. அதில் எதைத் திறந்து எதை அமுக்குவதென்றும் தெரியாது. சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பியிடம் அதை அப்படியே சொன்னேன். கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாராம் என்றேன். ஒரு வார்த்தையில் என்ன குறைந்து போகிறீர்கள் என்றேன். தம்பி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"காத்தால போறேனுங்கக்கா," என்றார்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையார் கோயிலில் நின்று தேங்காய்கூட உடைத்தேன். என்னைப் போல ஒரு பைத்தியக்காரி உண்டா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் தம்பி என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

நல்லூர்க் கம்பெனி கேட்டில் புதிதாக ஒரு வாட்ச்மேன் இருந்திருக்கிறார். பீகார்க்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வண்டியை மறித்து, யார், என்ன பெயர், எந்தக் கம்பெனி என்று இந்தியில் கேட்டிருக்கிறார். தம்பி தன் பெயரைச் சொன்னார். முதலாளியின் தம்பி என்று சொல்ல நாக்கு வரவில்லை. புதுக் கம்பெனிப் பெயரைச் சொன்னார். வாட்ச்மேன் இவரை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் விசாரித்திருக்கிறார். ஆபீஸில் உட்கார்ந்திருந்ததும் புதிதாக வந்த ஒரு பெண். சப்ளையர்களில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டது. அன்றைக்கென்று பார்த்து அண்ணன் சாயப்பட்டறைக்குப் போயிருந்தார். தினமும் சன்னலோரம் உட்கார்ந்திருந்த மனிதர், அந்த ஒரு நாள் காலையில் இல்லை.

"திரும்பி வந்து, அப்படி யாரையும் இங்க தெரியாதுன்னுட்டான் பாருங்கக்கா. மேல போர்டு தொங்குது. அந்த எழுத்த நாந்தான் வரஞ்சு குடுத்தேன். அதுக்குக் கீழ நின்னுட்டிருக்கறேன், யாருன்னு தெரியாதாம்."

"வாட்ச்மேன் பாவம், அவனுக்கென்ன தம்பி தெரியும்? அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாமுங்க," என்றார். "போடத் தோணலீங்க."

நான் போடட்டுமா என்று போனை எடுத்தேன். அவர் கையை நீட்டி அதை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டார். "வேண்டாங்கக்கா. நான் போனது அவருக்குத் தெரியவே வேண்டாம். உங்க சர்வர்லயே போட்டுக் குடுத்துருங்க. அந்த நம்பர் எனக்கு வேண்டாம்," என்றார். ரோசமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடையில் மீதிச் சில்லறை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அன்று சாயங்காலமே புது எண்ணிலிருந்து மெயில் போனது. போய்ச் சேர்ந்தும் விட்டது. பதில் திங்கட்கிழமை வந்தது. என் திரையில்தான் படித்தார். அந்தப் பெண்மணி நல்ல மாதிரி எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை பகல் வரைக்கும் காத்திருந்தேன், என் மேலதிகாரி அதற்குமேல் விடவில்லை, உன் மெயில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆர்டர் வேறொரு கம்பெனிக்குப் போனது, வருந்துகிறேன், அடுத்த சீசனில் பார்க்கலாம் என்று.

"அடுத்த சீசன் வரைக்கும் மெஷின் சும்மா நின்னா என்னாகுமுங்கக்கா?" என்றார்.

என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா. அந்த ஊரில் யாருக்கும் அதற்குப் பதில் சொல்லித் தர வேண்டியதில்லை.

மழைக்காலம் வருவதற்குள் ஷெட் காலியாகிவிட்டது. அதில் வேறு யாரோ அட்டைப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். தம்பிக்கு பங்களாதேஷில் ஒரு பெரிய கார்மெண்ட்ஸ் பேக்டரியில் மேனேஜர் வேலை கிடைத்தது. மனைவியையும் பிள்ளையையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார். போவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அங்கே போய் அவர் வாங்கின போன் நம்பரை எனக்கு மெயிலில் அனுப்பினார். கடைசி வரியில், இதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். யாருக்கும் என்றால் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வாடகை கட்டுவாரில்லாமல் போகவே பழைய கணக்கை டேட்டா சென்டர்க்காரன் மூடிவிட்டான்.

ஒரு வருஷத்துக்கும் மேலே இருக்கும். கரண்ட் போன ஒரு மத்தியானம், அண்ணன் மாடிப்படி ஏறி வந்தார். ஆள் கறுத்துப் போயிருந்தார். முன்னொரு தடவை வடை தின்றுகொண்டே சிரித்தாரே, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வந்த காரணத்தைச் சொல்லாமல் நூல் விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். சாயப்பட்டறைகளைப் பற்றிப் பேசினார். பிறகு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வருவான் வருவான்னு பாத்தேனுங்க அம்மணி. வரவே இல்ல பாருங்க. கூடப் பொறந்தவன்கிட்ட இத்தன ரோசம் ஆகுமுங்களா?"

தெரியவே வேண்டாம் என்று தம்பி சொல்லியிருந்தார்தான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வந்தாருங்கண்ணா," என்றேன். "உங்க கேட்டு வரைக்கும் வந்தாருங்க." எல்லாவற்றையும் சொன்னேன். பீகார் வாட்ச்மேனைச் சொன்னேன், சாயப்பட்டறைக்குப் போன காலையைச் சொன்னேன், போர்டுக்குக் கீழே நின்றதைச் சொன்னேன். இரக்கமே இல்லாமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் மேல்துண்டை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். கரண்ட் வந்து மின்விசிறி சுற்ற ஆரம்பித்த பிறகும் நீவிக்கொண்டே இருந்தார்.

"அந்த லிங்க் இன்னும் மெயில்லயே இருக்குதுங்க," என்றார். "அழிக்கல. ஆபீஸ்ல உக்காந்திருக்கற புள்ளைகிட்ட அழிக்கப்படாதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். இப்ப அமுக்கினா ஆகுமுங்களா?"

"ஆகாதுங்கண்ணா. அந்தக் கணக்கே இப்ப இல்லீங்க. நம்பர் வேற யாருக்கோ போயிருக்கும்."

"அதுகிட்ட ஒருக்கா கேளுங்க."

கம்ப்யூட்டரைப் போட்டு, எனக்கு மனப்பாடமாக இருந்த அந்த எண்ணை அடித்துக் கேட்டேன். வாயில் நுழையாத ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயர் வந்தது. படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை கேட்கச் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அவன் போன் நம்பர் இருக்குதுங்களா?"

இருக்கிறது, கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கொடுக்கவில்லை நான். நானே அடித்து, மணி போனதும் போனை அவர் கையில் வைத்தேன். கொடுத்தவள் ஆகாமல் கொடுத்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. போனில் சத்தம் எட்டக் கேட்கும். முதலில் மெஷின்களின் இரைச்சல். எந்த ஊரானாலும் பவர்டேபிள் சத்தம் ஒன்றுதான். பிறகு தம்பியின் குரல்.

"சொல்லுங்கக்கா."

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாந்தான்," என்றார்.

"யாருங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தம்பியிடமிருந்து கேட்க ஆசைப்பட்டது ஒரே ஒரு வார்த்தைதான். அதை இப்போது அவரே சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணன்," என்றார். "அண்ணன் பேசறேன் கண்ணு."

அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கேட்டது. பிறகு, யாரோ விரலால் அமுக்கின மாதிரி, அதுவும் சட்டென்று நின்றுபோனது.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லைன் கட்டாயிருச்சுங்களா அம்மணி?"

"ஆமாங்கண்ணா. சிக்னல் இல்லீங்க போல."

"தூரமுங்கல்ல. அப்படித்தான் கட்டாகும்," என்று சொல்லிவிட்டு, போனை மேஜைமேல் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.